வடம்பிடிக்க வாரீர்

மென்பொருளின் எழுத்துவடிவமாகிய மூலநிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை அளிப்பது திறமூல மென்பொருள் எனப்படும். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருவாகிய லினக்ஸின் மூலநிரலை உலகினர்முன் வைத்தார். பல்லாயிரவர் கைபட்டு வளர்ந்த அஃது இன்று ஆண்டிராய்டு கைப்பேசிகளிலும் இயங்குகின்றது.

மாணவர்களே! இப்பணியில் புகுவோர் பெருஞ்செயலையே நாடித் தயங்கவேண்டா. முதற்கண், நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருளொன்றைத் தேர்க. அதன் விதிகளையும் விளக்கவுரையையும் கற்க. பிழை காணின், அது தோன்றும் முறையைப் படிப்படியாக எழுதி அறிவிக்க. விளக்கவுரையில் ஓர் எழுத்துப்பிழையைக் களைதலும் தொண்டே. பின்னர்ச் சிறு திருத்தமொன்று செய்து, காரணங்கூறி அனுப்புக. பொறுப்பாளர் அதனை ஆராய்ந்து ஏற்பர். அன்றிக் குறைசுட்டித் திருப்புவர். அதனை இகழ்ச்சியெனக் கருதாது, செம்மைசெய்து மீண்டும் அனுப்புவோரே இப்பணியில் நிலைபெறுவர். தேர்வடம் பிடிக்கும் கைகளுள் சிறிய கையென்று ஒன்று இல்லை.