இறால் குட்டைக்கும் ஊர்க் கிணற்றுக்கும் நடுவே

1990-களில் நாகப்பட்டினம் கடலோரத்து நெல்வயல்கள் அடுத்தடுத்து இறால் குட்டைகளாயின. தேக்கிய உப்புநீர் மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்து வயலையும் ஊர்க் கிணற்றையும் உவராக்கியது. நடவும் களையெடுப்பும் நின்றதால் விவசாயக் கூலிகளுக்கு வேலை போனது. மீனவர்கள் கடற்கரைக்குப் போகும் வழியைப் பண்ணை வேலிகள் மறித்தன.

சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை, பாரம்பரிய முறையில் நடப்பவை தவிர, அகற்ற உத்தரவு. அதிகம் பேசப்படாத இன்னொரு வரியும் அதில் உண்டு: மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்களுக்கு ஆறு ஆண்டுக் கூலி கூடுதல் இழப்பீடு. சுற்றுச்சூழலைக் காக்கும் சுமை கூலியாள் தலையில் விழக் கூடாது என்ற அந்த அக்கறைதான் தீர்ப்பின் பெருமை என்பேன்.

பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. ஆணையம் சென்னையில் இயங்குகிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய பண்ணைக்கு அனுமதி இல்லை என்றது அச்சட்டம். விளைநிலத்தையும் அலையாத்திக் காட்டையும் குட்டையாக்கக் கூடாது, 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் கழிவுநீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்கின்றன விதிகள்.

கழிவுநீர் விதி பண்ணைக்காரருக்கே பாதுகாப்பு. தின்னாத தீவனமும் இறாலின் எச்சமும் கலந்த நீர் வாய்க்காலில் இறங்குகிறது. அதே வாய்க்காலில்தான் அடுத்த பண்ணை நீர் ஏற்றுகிறது. 1990-களின் நடுவில் வெண்புள்ளி நோய் குட்டை குட்டையாகப் பரவ இது பெரிய காரணம். ஒருவர் விதியை மீறினால் பத்துப் பேர் முதல் இழக்கிறார்கள். 2023 திருத்தமோ சட்டத்திலிருந்த சிறைத் தண்டனையை நீக்கி, அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது.

உலக அளவில், 2010-இல் தொடங்கிய ஏ.எஸ்.சி. என்ற தரச்சான்று அமைப்பு ஒரு படி மேலே போகிறது. 1999 மே மாதத்துக்குப் பின் அலையாத்தியை அழித்து அமைத்த பண்ணைக்கு அதன் சான்று கிடையாது. ஊர்மக்களை உட்காரவைத்து, அவர்கள் வாழ்வில் பண்ணையால் என்ன மாறும் என்று மதிப்பிடவும் வேண்டும். ஆனால் இது விருப்பப்பட்டவர் வாங்கும் சான்று, சட்டம் ஆகாது.

ஆணையத்திடம் ஒரு வேண்டுகோள். பண்ணையைப் பதிவுசெய்யுமுன் ஊர்க் கிணற்றின் உப்பளவைச் சோதியுங்கள். ஆண்டுதோறும் மீண்டும் சோதித்து, இரண்டு எண்களையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள்.