வீட்டில் நீச்சல்குளம்: கட்டும் முன் ஒரு கணக்கு

"பின்பக்கம் சின்னதா ஒரு ஸ்விம்மிங் பூல் போட்டா எவ்வளவு சார் ஆகும்?" கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை வாங்கி வீடு கட்டுகிறவர்கள் பொறியாளரிடம் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. அவர் ஒரு தொகை சொல்வார். அது குளத்தைக் கட்டி முடிக்க ஆகும் செலவு. வைத்துக் காப்பாற்ற ஆகும் செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். நிரப்ப ஏறத்தாழ 22,600 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் இரண்டு நடை. சென்னைக் கோடையில் தண்ணீர் தினமும் 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 90 லிட்டருக்கு மேல் போய்விடும். ஃபில்டரைக் கழுவிவிட வேறு தண்ணீர் வேண்டும். 1 ஹெச்.பி. மோட்டார் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால், இரண்டு மாத மின்கட்டணத்தில் சுமார் 270 யூனிட் கூடும். ஏற்கெனவே ஏ.சி. ஓடும் வீடு என்றால், அடுத்த கட்டண அடுக்கில் ஏறிவிடுவீர்கள். குளோரின் போட வேண்டும், பி.ஹெச். அளவை 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் பாசி பிடித்துவிடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் டைல்ஸ் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படியும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது குளத்தைக் காலியாக வைக்கவே கூடாது. உள்ளே தண்ணீரின் எடை இல்லாவிட்டால், அடியிலிருந்து வரும் அழுத்தம் கான்கிரீட் தொட்டியையே மேலே தூக்கிவிடும். தரை விரிசல் விடும், குழாய் இணைப்புகள் உடையும். 'மழைக்காலம்தானே, காலி பண்ணிக் கழுவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். கட்ட 10 லட்சம் என்றால், அதை 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருடத்துக்கு 70,000 ரூபாய் வந்திருக்கும். பராமரிப்புக்கு மாதம் 5,000 என்றால் வருடத்துக்கு 60,000. ஆக 1,30,000. வருடத்தில் நூறு நாள் இறங்கினால், ஒரு நாள் குளியலுக்கு 1,300 ரூபாய். இருபது நாள்தான் என்றால் 6,500.

பிள்ளைகளுக்காக என்பார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகிய தலைமுறை நாம். நம் பிள்ளைகளுக்கும் நீச்சல் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால், நீந்தக் கற்றுத்தருவது பயிற்சியாளர்தான். போட்டிக்குத் தயாராகும் பிள்ளைக்கு 25 மீட்டர், 50 மீட்டர் குளம் வேண்டும். 20 அடி போதாது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் நான்கு பக்கமும் வேலியும், தானாக மூடிக்கொள்ளும் கதவும் இல்லாத குளம் ஆபத்து. மூட்டுவலியால் நடக்கச் சிரமப்பட்டு, தண்ணீருக்குள் தினமும் உடற்பயிற்சி செய்யும் பெரியவர் வீட்டில் இருந்தால் மட்டும் இந்தச் செலவு நியாயம் என்பேன்.

2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் சென்னை. தெருவே குடத்தோடு வரிசையில் நிற்கும்போது நம் வீட்டுக் குளத்துக்கு லாரி வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மெரினாவில் மாநகராட்சி நீச்சல்குளம் இருக்கிறது. வேளச்சேரியில் நீச்சல் வளாகம் இருக்கிறது. குடும்பத்தோடு ஒரு வருடம் அங்கே போய்ப் பாருங்கள். வருடக் கடைசியிலும் வாரம் மூன்று நாள் விடாமல் போகிறீர்கள் என்றால், அப்போது பொறியாளரைக் கூப்பிடுங்கள்.