வால்வுக்குள் வால்வு

இதயத்தில் திசு வால்வு பொருத்திக்கொண்டவர்களின் கவலை ஒன்றுதான்: இது எத்தனை வருஷம் தாங்கும்? மாட்டின் இதய உறையிலோ பன்றியின் வால்விலோ செய்யப்படுவது அது. ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை தேவைப்படுவதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால், பத்து, பதினைந்து ஆண்டுகளில் இதழ்களில் கால்சியம் படிந்து விறைத்துவிடலாம்; கிழிந்து ரத்தம் கசியலாம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

முன்பு, மறுபடி நெஞ்சைத் திறப்பதுதான் வழி. பழைய தழும்பால் இதயம் நெஞ்செலும்போடு ஒட்டியிருக்கும். எலும்பை அறுப்பதே ஆபத்து. எழுபதைத் தாண்டியவர்கள் பலருக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது.

2002-இல் பிரான்ஸின் ரூவான் நகரில் டாக்டர் அலன் கிரிபியே, நெஞ்சைத் திறக்காமல் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் மூலம் முதன்முதலாக ஒருவருக்கு வால்வு பொருத்தினார். அந்த வழியிலேயே, பழுதான திசு வால்வுக்குள் புது வால்வை வைக்கும் முறையும் வந்தது. 2015-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை அனுமதித்தது.

பெரும்பாலும் தொடை ரத்தக்குழாய் வழியாகத்தான், சுருக்கிய வால்வை ஏற்றுகிறார்கள். பழைய வால்வின் வளையம் எக்ஸ்ரே திரையில் தெரிந்தால், புது வால்வை வைக்க அதுவே அடையாளம். பலூனால் வால்வை விரிக்கும்போது, அந்தச் சில நொடிகளுக்கு, தற்காலிக பேஸ்மேக்கரால் இதயத்தை நிமிடத்துக்கு 180 முறை அளவில் துடிக்கவைப்பார்கள். அந்த வேகத்தில் இதயத்தால் ரத்தத்தைச் சரியாக வெளித்தள்ள முடியாது. வால்வும் இடம் நழுவாது. பழைய வால்வை யாரும் வெளியே எடுப்பதில்லை. அதன் இதழ்கள் ஓரமாக ஒதுங்கிக்கொள்கின்றன. அப்படி ஒதுங்கும் இதழ், இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரிக் குழாயின் வாயை அடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து அளந்து பார்க்கிறார்கள். தேவைப்பட்டால், மின்சாரம் பாய்ச்சிய மெல்லிய கம்பியால் அந்த இதழை முதலில் கீறிவிடும் உத்தியும் இருக்கிறது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. உலோக வால்வுக்குள் இன்னொன்றை வைக்க முடியாது. முதலில் வைத்தது 19, 21 மி.மீ. போலச் சிறியதாக இருந்தால், உள்ளே போகும் புது வால்வால் வழி மேலும் குறுகும். செலவும் பல லட்சம். குஜராத்தின் வாபியில் மைவால் என்ற இந்திய வால்வு தயாராகியும் சாமானியருக்கு எட்டாத விலைதான். இது மாறியே ஆக வேண்டும்.

ஆகவே, முதல் அறுவை சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: "இது பழுதானால் உள்ளே இன்னொன்று வைக்க இடமிருக்குமா?" வால்வின் பெயரும் அளவும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கி, பத்திரமாக வையுங்கள். பல வருஷம் கழித்து அடுத்த வால்வைத் தேர்ந்தெடுக்கும் டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.