கணினித் திரையிலே தேமல்

மடிக்கணினியின் திரையிலே தேமல் படர்ந்தாற்போல் திட்டுக்கள் தோன்றக் கண்டு, கண்ணாடியே பழுதாயிற்றென்று கலங்குவோர் பலர். பழுதுற்றது கண்ணாடியன்று, அதன் மேற்பூச்சே. வெறுங் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு வரையில் திருப்பியனுப்பும். அதனைத் தணிக்கும் பூச்சுக்கு, ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்திற் பணிபுரிந்த சுமாக்குலா என்பார் 1935இல் வழிகண்டார். ஒளியலை நீளத்தின் காற்பங்களவே அதன் தடிப்பு. மயிரிழையும் அதன்முன் மரந்தான்!

2012 முதல் 2015 வரை வெளிவந்த 'ரெட்டினா' மக்புக் புரோக்கள் பலவற்றில் இப்பூச்சு உரிந்தது. முறைப்பாடு பெருகவே, 2015இல் அப்பிள் நிறுவனம் குறித்த தவணைக்குட்பட்ட திரைகளை இலவசமாய் மாற்றிக்கொடுக்க முற்பட்டது. அத்தவணை கடந்து நெடுநாளாயிற்று. இன்று அவற்றைக் கைமாற்றாய் வாங்கிப் படிக்கும் மாணவர் செய்யத்தக்கது யாது? புதுத்திரையின் விலையோ பெரிது. எஞ்சிய பூச்சையும் முற்றாக நீக்கிவிடலாமென்பதே எமது கருத்து. வாய்கொப்பளிக்கும் மருந்தை மென்துணியில் நனைத்துப் பொறுமையுடன் தேய்த்துச் சிலர் நீக்கியுள்ளனர். எழுத்துத் தெளியும், யன்னல் வெளிச்சம் மாத்திரம் முன்னையிலும் சற்றுக் கூடுதலாய்த் தெறிக்கும்.

ஆயினும் ஒன்று: இது கண்ணாடி முகமுடைய திரைக்கே பொருந்தும். பளபளப்பற்ற திரைகள் பலவற்றின் முகம் சொரசொரப்பான பிளாஸ்டிக் படலம். அங்கே தேய்த்தால் படலமே பாழாகும். அத்தகைய திரையை நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெல்ல ஒற்றுவதோடு நிறுத்துக.