களத்து மேட்டில் விலை சொல்வது யார்?

அறுவடை இயந்திரம் வயலைவிட்டு ஏறும் முன்பே வியாபாரியின் ஆள் வரப்பில் வந்து நிற்பார். ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து ஊதி, ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்த்து, "ஈரமா இருக்குண்ணே" என்பார். விலை இறங்க அது போதும். கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை, சின்னமனூரையும் சேர்த்து, முல்லைப் பெரியாறு பாயும் இருபோக நிலம் 14,707 ஏக்கர். எல்லாரும் ஒரே சில வாரங்களில் அறுக்கிறார்கள். முதல் போக அறுப்பில் மழை வேறு மிரட்டும். இங்கே தனி விவசாயி விலை சொல்ல முடியாது.

இந்தச் சந்தையில் அரசு இரண்டு பக்கமும் கை வைக்கிறது. 2025-26 பருவத்தில் குவிண்டாலுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை பொது ரகத்துக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389. தமிழக அரசின் ஊக்கத்தொகை சேர்ந்தால் 2,500, 2,545. நாற்பது கிலோ மூட்டைக் கணக்கில் 1,000 ரூபாயும் 1,018 ரூபாயும்.

ஆனால் இது சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். வியாபாரி இதைவிடக் குறைத்து வாங்கினால் குற்றமில்லை. இந்த விலை கிடைக்கும் இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம்தான். அறுப்புக்கு முன் அது திறக்காவிட்டால், அறிவித்த விலை பேப்பரில் படிக்கும் எண், அவ்வளவே. ஆகவே விலையை உயர்த்தக் கேட்பதற்கு முன், நிலையத்தை எந்தத் தேதியில் திறப்பீர்கள் என்று கேட்க வேண்டும்.

சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தோடு போங்கள். ஈரப்பத வரம்பு 17 சதவீதம்; மழையைக் காட்டிச் சில பருவங்களில் தளர்த்தியதும் உண்டு. கருவியில் காட்டும் எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். பணம் வங்கிக் கணக்கில்தான் வரும். மூட்டைக்கு 40 ரூபாய் 'கூலி' கேட்டால், நூறு மூட்டைக்கு 4,000 போய்விடும். சுமைதூக்குவோருக்குக் கூலி தர வேண்டியது நுகர்பொருள் வாணிபக் கழகம், நீங்கள் அல்ல.

அடுத்த கை ஏற்றுமதித் தடை. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை வந்தது. 2024 செப்டம்பர் இறுதியில்தான் நீங்கியது. உள்ளூரில் அரிசி விலை ஏறாமல் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. அதே நேரத்தில் உலகச் சந்தையில் விலை ஏறியது. சிங்கப்பூர் விலக்குக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கடையில் அரிசி வாங்குபவருக்கு மிச்சம். நெல் விற்பவருக்கு, வந்திருக்க வேண்டிய விலை வரவில்லை. மானியம் என்றால் பட்ஜெட்டில் கணக்கு இருக்கும். தடையின் செலவை விவசாயி சுமக்கிறார், அது எந்தக் கணக்கிலும் ஏறாது. எனக்கு இதுதான் உறுத்துகிறது. (வயலில் நாற்று நடும் பெண்களும் அரிசி வாங்குபவர்கள்தான் என்பதையும் மறக்கவில்லை.)

வாழைக்கும் திராட்சைக்கும் இந்த ஆதரவு விலைகூட இல்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், விலையைக் காக்காது. இவற்றுக்கென்று இருப்பது சந்தைத் தலையீட்டுத் திட்டம். அது கிடைக்க, சந்தை விலை வழக்கமான விலையைவிடப் பத்து சதவீதமாவது சரிந்திருக்க வேண்டும். மாநில அரசு கோரிக்கை அனுப்ப வேண்டும். அந்தக் கோரிக்கையைத் தூண்ட, மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். விற்ற தேதி, எடை, கிடைத்த விலை, சென்ற ஆண்டு விலை எல்லாவற்றையும் ரசீதோடு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சரிவு தொடங்கிய வாரமே போங்கள். வெட்டிய தார் கோப்பு நகரும்வரை பழுக்காமல் இருக்காது.