கடைசி ஸ்பிரிங்

சீட் கடை வாசலில் ஒரு பழைய அம்பாசிடரின் முன் இருக்கை கவிழ்ந்து கிடந்தது. ரெக்சினை உரித்திருந்தார்கள். உள்ளே அகலம் முழுக்கக் கம்பிச் சுருள்கள், மேலே பொடிந்துபோன மெத்தை. கடைக்காரர் உள்ளங்கையால் அழுத்தினார். கிறீச்சிட்டு இறங்கி, நிதானமாக எழுந்தது. “இத எடுத்துட்டு ரெண்டு பக்கெட் சீட் வச்சிரலாம் சார்” என்றார்.

1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான கார் அது. பழைய வண்டிகளில் கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். அதனால் முன்னால் ஒரே பெஞ்ச், மூன்று பேர். பெஞ்ச் திருப்பத்தில் ஆளை வழுக்கவிடும். பக்கெட் சீட் இடுப்பை அணைத்துப் பிடிக்கும். மாற்ற நினைப்பது நியாயம்தான். ஆனால் அந்தக் கம்பிச் சுருள் செய்துவந்த வேலையை இனி எது செய்யும்?

ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் சிறு விசைக்கும் உயரப் போகும். உட்கார்ந்திருக்கும் மனித உடலுக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு: விநாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 முறை. கரடுமுரடான சாலை இதே தாளத்தில் குலுக்கும்போது, இருக்கையின் அசைவைவிட நம் உடம்பின் அசைவு பெரிதாகிறது. நெடும்பயணத்தில் முதுகு கடுக்க இதுவும் ஒரு காரணம்.

டயர், சஸ்பென்ஷன் ஆகியவற்றைத் தாண்டி வரும் அதிர்வுக்கு இருக்கைதான் கடைசி ஸ்பிரிங். அதன் தாளத்தை ஒரு ஸ்கேல் கொண்டே கணிக்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பு. உட்கார்ந்ததும் ஸ்பிரிங் 1 செ.மீ. இறங்கினால் அதன் தாளம் விநாடிக்கு 5 முறை. 6 செ.மீ. இறங்கினால் 2 முறை. ஒரு ஸ்பிரிங் தன் தாளத்தைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டிய அதிர்வுகளைத்தான் குறைக்கும். ஆக, 6 செ.மீ. இறங்கும் இருக்கை விநாடிக்கு 3 முறையிலிருந்தே குலுக்கலை வடிகட்டத் தொடங்கிவிடும். 1 செ.மீ. மட்டும் இறங்கும் கெட்டியான ஃபோம், உடம்பு ஆடும் அதே தாளத்தில் தானும் சேர்ந்து ஆடும். பார்வைக்குப் பந்தய கார் சீட், முதுகுக்குத் தண்டனை.

இன்னொன்று, இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட். முன் இருக்கை 20 கிலோ என்று வையுங்கள். புவியீர்ப்பைப்போல் 20 மடங்கு வேகத்தளர்ச்சியை இருக்கையின் பிடிமானம் தாங்க வேண்டும் என்கிறது ஐ.நா.வின் வாகன விதி. அப்போது ஆள் இல்லாத இருக்கை மட்டுமே 400 கிலோ எடையின் விசையோடு முன்னால் இழுக்கும். துருவேறிய தரைத் தகட்டில் புது ஓட்டை போட்டு வெறும் வாஷரோடு முறுக்கினால், போல்ட் தகட்டையே கிழித்துக்கொண்டு வந்துவிடும். அடியில் அகலமான இரும்புப் பட்டை அவசியம்.

கடைக்காரரிடம் ஸ்கேல் இருந்தது. புதிய ஃபோம் ஒன்றைப் போட்டு உட்கார்ந்து அளந்தோம்: 4 செ.மீ. அதாவது விநாடிக்கு இரண்டரை முறை. வண்டி ஓடும்போது ஃபோம் இன்னும் விறைக்கும், ஆகவே இது தோராயம்தான். அடுத்த ஃபோமை எடுத்துப் போட்டார்.