நடுவதற்கு ஒரு துறை, பிடுங்குவதற்கு ஒரு துறை!

ஒரே பண்ணையில் அண்ணன் நாற்று நடுகிறான். பின்னாலேயே தம்பி வந்து, அதைக் களையென்று பிடுங்கி எறிகிறான். இருவருக்கும் கூலி கொடுப்பவர் ஒரே பண்ணையார். இப்படியும் ஒரு பண்ணை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, தோழர்களே! நமது மன்னார் வளைகுடாவிலேயே உண்டு. பண்ணையார் வேறு யாருமல்லர். நம் வரிப்பணத்தில் நடக்கும் அரசாங்கந்தான்!

தூத்துக்குடி தொடங்கி இராமேசுவரம் வரை, கரையை ஒட்டி 21 தீவுகள். மண்டபம் பக்கம் ஏழு, கீழக்கரைப் பக்கம் ஏழு, வேம்பார்ப் பக்கம் மூன்று, நமது தூத்துக்குடிப் பக்கம் நான்கு. அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைக் காப்பதற்காகவே 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. பவளப்பாறை என்பது பணக்காரர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் அழகுப் பொருளல்ல. மீன் குஞ்சு பொரித்து வளரும் வீடு அது. அலை வந்து கரையை அறுக்காதபடி தடுக்கும் அரண் அது. அது போனால் என்ன ஆகும்? விலாங்குச்சல்லித் தீவு எங்கே என்று நம் வள்ளக்காரர்களைக் கேளுங்கள். தண்ணீரைக் காட்டுவார்கள்! பாறையை வெட்டி எடுத்த காலத்தின் பலன், தீவே கடலுக்குள் போயிற்று.

வெட்டும் கை ஓய்ந்தது. இப்போது மூடும் கை வந்திருக்கிறது.

கப்பாபைகஸ் என்று ஒரு கடற்பாசி. பிறப்பிடம் பிலிப்பைன்ஸ் கடல். பனிக்கூழ், பற்பசை முதலியவற்றைக் கெட்டிப்படுத்தும் சரக்கு இதிலிருந்து கிடைக்கிறது. 1980களில் மத்திய அரசின் உப்பு, கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிலையம் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 2000க்குப் பின் பெப்சி கம்பெனி மண்டபம் கரையில் ஒப்பந்தப் பயிராக இதை வளர்க்க வைத்தது. மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் 45 நாளில் நாலைந்து மடங்கு பெருகும். அதனால்தான் ஊர்மக்கள் இதற்குப் 'பெப்சிப் பாசி' என்றே பெயரிட்டார்கள். கம்பெனி சில ஆண்டுகளில் இந்தத் தொழிலைக் கைமாற்றிவிட்டுப் போயிற்று. பாசி போகவில்லை!

இதற்கு விதை வேண்டாம். ஒடிந்த துண்டு ஒன்று போதும், புதுச்செடி ஆகிவிடும். குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் அது ஏறிப் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறகு வேறு தீவுகளிலும் கண்டார்கள். பவளம் வாழ வெயில் வேண்டும். பாசி கம்பளம்போல மூடியதும் வெளிச்சம் மறைகிறது. அடியில் பவளம் சாகிறது. மீனும் வீடிழக்கிறது.

அரசு சும்மா இருந்ததா? இல்லை. 2005 டிசம்பரில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது: பாக் நீரிணைக்கு வடபுறத்திலும் தூத்துக்குடிக்குத் தென்புறத்திலும் மட்டுமே இதை வளர்க்கலாம். நல்ல ஆணைதான். ஆனால் கோடு காகிதத்தில் இருக்கிறது. பாசி கடலில் இருக்கிறது. வாடைக் காலத்தில் நீரோட்டம் பாக் நீரிணையிலிருந்து பாம்பன் கால்வாய் வழியே வளைகுடாவுக்குள் பாய்கிறது. அதில் மிதந்து வரும் துண்டு அரசாணையைப் படித்துவிட்டா திரும்பிப் போகும்?

வேடிக்கை இங்கேதான். வனத்துறை ஆட்களை இறக்கித் தீவோரத்தில் கையால் பாசியைப் பிடுங்குகிறது. மத்திய மீன்வளத்துறையோ 2020இல் தொடங்கிய திட்டத்தின் கீழ்ப் பாசி வளர்ப்புக்கு மானியம் தருகிறது. இராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டுக் கடற்பாசிப் பூங்காவும் அறிவிக்கப்பட்டது. இரண்டும் நம் பணம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். துறை இரண்டுபட்டால் பாசிக்குக் கொண்டாட்டம்!

பாசி வளர்க்கும் பெண்களின் வயிற்றில் அடிக்கச் சொல்லுகிறோமா? இல்லவே இல்லை. மிதவை கட்டி அரை வயிற்றுக் கஞ்சி காணும் ஏழை குற்றவாளியல்ல. ஆபத்து சிறிதென்று சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு. சிறிதாக இருக்கும்போதே களைவதுதானே உழவனின் அறிவு? சீமைக்கருவேலத்தை விறகுக்கென்று வளரவிட்டோம். அது கண்மாயெல்லாம் விழுங்கிய பிறகு, 2022இல் அயல்தாவர ஒழிப்புக்கென்று மாநிலக் கொள்கை வந்தது. கடலிலும் அவ்வளவு காலம் காத்திருப்பதா?

இன்னொரு கொடுமையும் கேளுங்கள். தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி மூழ்கி நாட்டுப் பாசி எடுத்த பெண்களைத் தீவுப் பக்கம் வராதே என்று சட்டம் தடுக்கிறது. அயல்பாசியோ அனுமதிச் சீட்டுக் கேட்காமல் அதே தீவில் குடியேறுகிறது!

ஹவாய்த் தீவில் இதே பாசி 1970களில் புகுந்தது. அங்கே மாநில அரசும் பல்கலைக்கழகமும் தொண்டு அமைப்பும் ஒன்றுகூடின. கடலடியில் பாசியை உறிஞ்சும் குழாய் வைத்தார்கள். மிச்சத்தைத் தின்ன, அவ்வூர்க் கடல் முள்ளெலிகளைக் குஞ்சு பொரித்து விட்டார்கள். ஒரு துறை செய்ததல்ல அது, கூடிச் செய்தது.

நம்மிடம் சட்டம் இல்லையா? 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அயல் உயிரினங்களின் இறக்குமதியையும் பெருக்கத்தையும் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, ஒரே மேசையில் உட்காரும் மனந்தான் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இவை. வனத்துறை, மீன்வளத்துறை, துறைமுகம், ஆய்வு நிலையம், மீனவர் சங்கம் ஐந்தும் அமர்ந்த ஒரே குழு வேண்டும். அதற்கு அதிகாரமும் வேண்டும். நடச் சொல்லும் துறையே பிடுங்கும் செலவையும் ஏற்க வேண்டும். நாட்டுப் பாசி வளர்க்க மானியம் வேண்டும். சங்கு குளிப்போரையும் பாசி எடுக்கும் பெண்களையும் தீவுக் காவலர்களாக்கி, நிரந்தரக் கூலி தர வேண்டும். கடலடி தெரிந்தவர்கள் அவர்கள்தாம்.

துறைமுகத்தை ஏன் சேர்க்கிறோம்? சரக்கிறக்கிய கப்பல் ஆடாமல் நிற்க வயிற்றில் நிரப்பும் நீர் ஒரு நாட்டுக் கடலை மறுநாட்டில் கொட்டுகிறது. எண்ணூர் மீனவர்களைக் கேளுங்கள். தென்னமெரிக்கச் சிப்பியான 'காக்கா ஆழி' கழிமுகத்தின் அடித்தரையையே மூடி, இறால் பிடிப்போர் பிழைப்பைக் கெடுத்திருக்கிறது.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். முத்துப்பார் ஓய்ந்தபோது, குளித்தவன் கூலிக்காரனானான். பவளப்பாரும் ஓய்ந்தால், மீன் பிடிப்பவன் எங்கே போவான்? அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். நாமோ இந்தக் கரையில்தான் இருப்போம்.